பட்டம் ஏன் இரட்டை வேகத்தில் பறந்தது?

மார்கழி விடுமுறையில் ஒரு பின்னேரம் தம்பி ஒருவன் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் எங்கள் வீட்டு முன்விறாந்தையில் கிழமைக்கு இரண்டு நாள் நாலைந்து பிள்ளைகளுக்கு வெப் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கிறேன். உயர்தரம் எழுதிவிட்டு றிசல்ற்றுக்குக் காத்திருப்பவர்களும் கம்பஸ் முதலாம் வருடக்காரரும் வருவார்கள். இவன் பட்டம் விடுவதில் பைத்தியம். தைப்பொங்கல் அன்று பட்டத் திருவிழாவுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போகாமல் இருக்கமாட்டான். அதனால் அவன் முதல் பயிற்சியாக எடுத்ததும் ஒரு கொக்குப் பட்டம்தான். கான்வாஸில் (பிரவுசர் கீறுவதற்குத் தரும் வெற்றுப் பலகை) கீறி, காற்றுக்கு ஆட வைத்து, விரலால் நூலை இழுத்தால் மேலே ஏறும்படி செய்திருந்தான்.

"அக்கா, லப்டொப்பில எழுதேக்க வடிவாப் பறந்தது. போனில போட்டா விசர் பிடிச்ச மாதிரி ஓடுது. கோட்டில ஒரு எழுத்துக்கூட மாத்தேல்லை. ஏன் இப்பிடி?"

இந்தக் கேள்வியை வேறு வேறு வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஊடாடும் அனிமேஷன் படிக்க வருகிறவர்கள் முட்டுப்படும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம். அதனால் இதிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

அவன் கோட்டில், அதாவது கணினிக்கு எழுதிய கட்டளையில், இருந்தது இதுதான்: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரை வரையும் ஒவ்வொரு படத்துக்கும்) பட்டத்தை 3 பிக்சல் நகர்த்து. அவன் எழுதிய லப்டொப்பின் திரை செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கும். அவனுடைய போன் 120 தடவை. பிரவுசரில் 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்' என்று கேட்டுவிட்டு இருந்தால், திரை அடுத்த தடவை வரையத் தயாராகும் நேரம் பார்த்து அது உங்களுடைய ஃபங்ஷனை (நீங்கள் எழுதிய கட்டளைத் தொகுதியை) கூப்பிடும். எத்தனை தடவை கூப்பிடும் என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை, திரைதான் தீர்மானிக்கிறது. ஆகவே லப்டொப்பில் செக்கனுக்கு 180 பிக்சல் போன பட்டம் போனில் 360 பிக்சல் போனது. பற்றரி குறைந்து போன் சிக்கன முறைக்குப் போனால் அதே பட்டம் சோர்ந்துபோகும்.

திருத்தம் சின்னது, ஆனால் யோசிக்கும் முறையே மாற வேண்டும். 'இத்தனை பிக்சல் நகர்த்து' என்பதை விட்டுவிட்டு, 'போன தடவை வந்ததற்கும் இப்போதைக்கும் இடையில் எவ்வளவு நேரம் போயிருக்கிறது?' என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஃபங்ஷனுக்குள் பிரவுசரே நேரத்தை மில்லிசெக்கனில் அனுப்பிவிடுகிறது. பழைய நேரத்தைக் கழித்து ஆயிரத்தால் வகுத்தால் கடந்த செக்கன் கிடைக்கும். வேகம் 180, அதைக் கடந்த செக்கனால் பெருக்கு. 60 திரையில் தடவைக்கு 3 பிக்சல் வரும், 120 திரையில் 1.5 வரும். ஒரு செக்கன் முடிய இரண்டு பட்டமும் ஒரே இடத்தில் நிற்கும்.

அவன் திருத்தினான், பட்டம் ஒழுங்காகப் பறந்தது. சந்தோஷத்தில் யாருக்கோ வட்ஸ்அப்பில் மெசேஜ் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். பட்டம் காணவில்லை.

இதுவும் அதே நேரக்கணக்குத்தான். பக்கம் பின்னால் மறைந்திருக்கும்போது பிரவுசர் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவதை நிறுத்திவிடும். அவன் 40 செக்கன் வட்ஸ்அப்பில் நின்றிருந்தால், திரும்பி வந்த முதல் ஃபிரேமில் 'கடந்த நேரம்' 40 செக்கன். பட்டம் ஒரே எட்டில் 7200 பிக்சல் பாய்ந்து பருத்தித்துறை தாண்டிப் போய்விட்டது. இதற்கு ஒரு வரம்பு கட்டவேண்டும். கடந்த நேரம் 0.05 செக்கனை விடக் கூடினால் 0.05 என்றே எடுத்துக்கொள். அவ்வளவுதான்.

இதே பிழை ஒளிந்திருக்கும் இன்னொரு இடமும் உண்டு. விரல் போகும் இடத்துக்குப் பட்டம் மெல்லப் பின்தொடர வேண்டும் என்று எல்லோரும் எழுதும் வரி: மிச்சத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டு. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்றிருப்பதால் வேகமான திரையில் பட்டம் விரலோடு ஒட்டிக்கொள்ளும், மெதுவான திரையில் இழுபடும். ஒரு செக்கன் முடிவில் எவ்வளவு பங்குத் தூரம் மிஞ்சியிருக்க வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள். அந்தப் பின்னத்தைக் கடந்த செக்கனின் அடுக்குக்கு உயர்த்துங்கள். வருகிற எண்தான் அந்த ஃபிரேமில் மிஞ்ச வேண்டிய பங்கு. இரண்டு திரையும் ஒத்துப்போகும்.

'ஃபிரேமுக்கு இவ்வளவு' என்று எழுதும் இந்தப் பழக்கம் என் வயதுக்காரருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் 2005இல் யாழ்ப்பாண ரவுணில் ஒரு கணினி நிலையத்தில் ஃபிளாஷ் படித்தேன், அப்போது வெப் அனிமேஷன் செய்யப் பாவித்த மென்பொருள் அது. ஃபிளாஷில் ஃபிரேம் வேகத்தை எழுதுகிறவர்தான் வைப்பார். புதுக் கோப்பு திறந்தால் செக்கனுக்கு 12 என்றே இருக்கும். 12 என்று நான் வைத்தால் அது எங்கே ஓடினாலும் பன்னிரண்டை இலக்காக வைத்தே ஓடும் என்று நம்பலாம். அதனால் 'ஃபிரேமுக்கு இவ்வளவு' என்று யோசிப்பதில் பெரிய குற்றம் இருக்கவில்லை. 2020 டிசம்பர் 31ஆம் திகதி அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. நான் செய்துகொடுத்த கல்யாண அழைப்பிதழ்களும் சின்னப் பிள்ளைகளுக்கான எழுத்து விளையாட்டும் ஒரு நாளில் வெறும் சாம்பல் பெட்டியாகின. பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற கருவியால் சிலவற்றை மீட்டேன், எல்லாம் மீளவில்லை. ஆனால் ஃபிளாஷ் போனபின்பும் அந்த யோசிப்பு போகவில்லை. பழைய பாடங்களில் அது இன்னும் இருக்கிறது. 'செட் இன்டர்வல்' என்று எழுதி, 16 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை ஃபங்ஷனைக் கூப்பிடச் சொல்லும் பாடம் கண்டால் மூடிவிடுங்கள். அது திரையின் தாளத்தோடு சேராது.

அடுத்த கிழமை அதே தம்பி வாலோடு வந்தான். பன்னிரண்டு புள்ளி, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு கற்பனைச் சுருளி (ஸ்பிரிங்). பட்டம் அசைந்தால் வால் நெளிய வேண்டும். முதல் சில செக்கன் நெளிந்தது. பிறகு வீச்சுக் கூடிக் கூடி வால் வெடித்துத் திரை முழுக்கக் கோடுகளாகச் சிதறியது.

இவன் இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எதிர்பார்க்கிற பிள்ளை. எளிமை இசை இயக்கக் கணக்கு, அதாவது சுருளியில் கட்டிய பொருள் ஆடுவது போன்ற கணக்கு, நித்திரையிலும் செய்வான். ஆனால் அந்தக் கணக்குக்கும் இந்த வாலுக்கும் தொடர்பு இருப்பதாக அவனுக்குத் தோன்றவேயில்லை. எங்கள் ரியூசன் கொட்டில்களில் நாங்கள் படிப்பித்த விதத்தில் உள்ள குறை இது என்று நான் மனதார நம்புகிறேன். ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) என்ற சொல்லை ஆயிரம் தடவை எழுதிய பிள்ளை அது கண்முன்னால் அசைவதை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

கோட்டில் மூன்று வரி இருந்தது. முதல் வரியில் இப்போதைய இடத்தை வைத்து ஆர்முடுகல். இரண்டாம் வரியில் இருக்கிற வேகத்தால் புது இடம். மூன்றாம் வரியில் ஆர்முடுகலால் புது வேகம். பார்த்தால் பிழையில்லை. ஆனால் இடத்தைப் பழைய வேகத்தால் நகர்த்தும்போது ஒவ்வொரு தடவையும் சுருளிக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி சேர்கிறது. செக்கனுக்கு 60 தடவை அந்தக் கொஞ்சம் சேர்ந்தால் வால் வெடிக்காமல் என்ன செய்யும்?

"இரண்டாம் வரியையும் மூண்டாம் வரியையும் இடம் மாத்திப் பார்."

மாற்றினான். வேகத்தை முதலில் புதுப்பித்து அந்தப் புது வேகத்தால் இடத்தை நகர்த்தினால் சக்தி அப்படிச் சேர்ந்துகொண்டு போகாது. வால் ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு தணிப்புக்கு ஒரு சின்ன எண்ணைச் சேர்த்தான், அது ஆடி மெல்ல அடங்கியது. அவன் அந்த எண்ணைக் கூட்டியும் குறைத்தும் ஒரு மணித்தியாலம் இருந்தான். தேத்தண்ணி ஆறிப்போனது. சுருளியை மிக இறுக்கினால் இந்த முறையிலும் வெடிக்கும் என்பதையும் தானாகவே கண்டுபிடித்தான். அப்போதுதான் ஒரு ஃபிரேமுக்குள் கணக்கைச் சின்னச் சின்ன, சம நேரத் துண்டுகளாகச் செய்ய வேண்டும் என்ற அடுத்த பாடத்தைச் சொல்ல முடிந்தது.

கணிதத்தில் வேறு இரண்டு சில்லறைச் சிக்கல்கள் எல்லோருக்கும் வரும். திரையில் கீழ்நோக்கிப் போகப்போகத்தான் 'வை' (y, மேல்கீழ் அளவு) கூடும். அதனால் பள்ளிக்கூடத்து வரைபடத்தை நம்பிப் பட்டத்தை ஏற்றினால் அது இறங்கும். சைனுக்குள் 90 என்று கொடுத்து 1 வரும் என்று பார்த்திருப்பார்கள், அது கோணத்தைப் பாகையில் எடுக்காது, ரேடியனில்தான் கேட்கும்.

கான்வாஸ் மங்கலாகத் தெரிவதும் விரல் வைத்த இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறொன்று என்பதும் பெரும்பாலும் ஒரே நோய்தான். கான்வாஸுக்கு அளவு கொடுக்காவிட்டால் அது 300க்கு 150 என்றுதான் பிறக்கும். அதை சிஎஸ்எஸ்ஸால் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) திரை அகலத்துக்கு இழுத்தால் சின்னப் படத்தைப் பெரிதாக்கியது போலத்தான். உள்ளே உள்ள அளவையும் வெளியே தெரியும் அளவையும் தனித்தனியாக வையுங்கள், உள் அளவைப் போனின் பிக்சல் அடர்த்தியால் பெருக்குங்கள். நூலை இழுக்கும்போது பக்கமே சேர்ந்து இழுபட்டால், அந்தக் கான்வாஸுக்கு சிஎஸ்எஸ்ஸில் 'டச் ஆக்ஷன் நன்' என்று போட்டால் தீரும். மவுசுக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று என்று இரண்டு தடவை எழுதாமல் 'பொயின்ரர்' நிகழ்வுகளை மட்டும் பாவியுங்கள்.

இனி, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற ஒரு கேள்வி. இதை ஆங்கிலப் பாடங்களில் தேடினால் இலகுவில் கிடைக்காது, அதனால்தான் இந்தப் பதிவை எழுதவே உட்கார்ந்தேன்.

ஒரு கோயிலின் கொடியேற்றத்துக்கு வெப்சைட் செய்தபோது, கோயிலின் பெயர் எழுத்தெழுத்தாக மேலிருந்து இறங்கி வந்து சேர வேண்டும் என்று கேட்டார்கள். பிரவுசர் ஓட்டும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சொல்லை எழுத்துகளாகப் பிரிக்க எல்லோரும் எழுதும் வரியை எழுதினேன், ஒவ்வொன்றையும் தனிப் பெட்டியில் போட்டேன். ஓடவிட்டபோது நெஞ்சு திக்கென்றது. கால்கள் தனியாக, புள்ளிகள் தனியாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வெற்று வட்டம். தெய்வத்தின் பெயர் துண்டு துண்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

'யாழ்ப்பாணம்' என்ற சொல்லை எடுங்கள். நாங்கள் எண்ணினால் யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறு எழுத்து. கணினி எண்ணினால் பதினொன்று. ய ஒன்று, அதன் கால் ஒன்று, ழ ஒன்று, அதன் புள்ளி ஒன்று என்று அது யூனிகோட் குறிகளை (கணினிக்குள் எழுத்துத் துண்டுகளுக்குக் கொடுத்திருக்கும் எண்களை) எண்ணுகிறது. ஆங்கிலச் சொல்லில் பெரும்பாலும் இரண்டு எண்ணிக்கையும் ஒன்றாகவே வருவதால் பாடம் எழுதியவர்களுக்கு இப்படி ஒரு வேறுபாடு இருப்பது கண்ணில் படவில்லை.

இதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே 'இன்டில் செக்மென்டர்' என்ற கருவி இருக்கிறது. மொழி தமிழ் என்றும் பிரிக்கவேண்டியது 'கிராஃபீம்' (கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரிவது) என்றும் சொன்னால் யா, ழ், ப், பா என்று ஒழுங்காகத் தரும். குரோமில் 2020இலிருந்தே உண்டு, ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024இல் வந்தது. நான் அதைப் போட்டேன். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர: 'ஸ்ரீ'. அது ஸ் என்றும் ரீ என்றும் இரண்டாகப் பிரிந்து இறங்கியது. 'க்ஷ'வும் அப்படியே. யூனிகோட் விதிப்படி அவை இரண்டு இரண்டு துண்டுகள். எங்களுக்கு அது ஒரே உரு. கடைசியில், பிரித்து வந்த பட்டியலை ஒரு தடவை ஓடிப் பார்த்து, ஸ் அடுத்து ரீ வந்தால் ஒட்டு, க் அடுத்து ஷ வரிசை வந்தால் ஒட்டு என்று நானே நாலு வரி எழுதினேன். கோயில் வெப்சைட் செய்கிற எல்லோரும் இந்த நாலு வரியைப் பத்திரமாக வைத்திருங்கள். 'ஸ்ரீ' இல்லாத கோயில் பெயர்ப்பலகை எங்கள் ஊரில் எத்தனை இருக்கிறது?

இன்னுமொன்று. எழுத்தெழுத்தாகப் பெட்டியில் போட்டால், கண் தெரியாதவர்கள் பாவிக்கும் திரைவாசிப்பான் அந்தப் பெயரைத் துண்டு துண்டாக வாசிக்கும். முழுச் சொல்லையும் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு பிரதி வைத்து, ஆடுகிற துண்டுகளைத் திரைவாசிப்பானுக்கு மறைத்துவிடுங்கள்.

"என்ர லப்டொப்பில வழுக்கிக்கொண்டு போகுது அக்கா, அம்மாவின்ர போனில தெத்தித் தெத்திப் போகுது" என்பது அடுத்த பெரிய முறைப்பாடு. 60 தடவைத் திரைக்கு ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன் மட்டும். அதற்குள் உங்கள் கோட்டும் பிரவுசரின் வேலையும் முடிய வேண்டும். ஒரு பெட்டியின் இடத்தையும் அளவையும் சொல்லும் 'லெஃப்ட்', 'டொப்', 'விட்த்' போன்றவற்றை அசைத்தால் பந்தியில் நடுவில் இருக்கிற ஒருவர் எழும்பி இடம் மாறியது போல ஆகிவிடும். மற்றவர்களின் இலையையும் தள்ளிப் போட வேண்டி வரலாம், பிரவுசர் இடக்கணக்கைத் திரும்பப் பார்த்தே தீரும். 'டிரான்ஸ்ஃபார்ம்' (நகர்த்தல், சுழற்றல்), 'ஒபசிட்டி' (மங்கல் அளவு) இரண்டையும் அசைத்தால் ஏற்கெனவே வரைந்த படத்தைத் தூக்கி நகர்த்துவது மட்டுமே வேலை. முடிந்தவரை இந்த இரண்டோடு நில்லுங்கள். 'இது அசையப்போகிறது' என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் 'வில் சேஞ்ச்' என்பதை எல்லாவற்றிலும் பூசவேண்டாம். ஒரு விருந்தினர் விடுதிப் பக்கத்தில் நான் அப்படிப் பூசி, மெமரி குறைந்த போனில் படங்கள் மினுங்கி மறைந்தன. குரோமின் பரிசோதனைக் கருவியில் கணினியை நான்கு மடங்கு, ஆறு மடங்கு மெதுவாக்கிப் பார்க்கலாம். அதைவிட, வீட்டில் அலுமாரிக்குள் கிடக்கிற பழைய போனை எடுத்துச் சார்ஜ் போடுங்கள். எங்கள் பக்கத்தைப் பார்க்கப்போவது அந்த மாதிரிப் போன்தான்.

மறைந்திருந்த பெட்டியைக் காட்டும்போது டிரான்சிஷன் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறுவது) தொடங்காமல் டக்கென்று தோன்றுவது ஏன் என்று கேட்பார்கள். இரண்டு மாற்றத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் பிரவுசர் கடைசி நிலையை மட்டும்தான் பார்க்கும். தொடக்க நிலையை அது ஒரு தடவை கணக்கிட விட்டு, பிறகு மாற்றத்தைச் சொல்லுங்கள். உயரம் 'ஓட்டோ'வுக்கு (உள்ளே இருப்பதற்கு ஏற்ற அளவுக்கு) ஓடாது என்று அழுகிறவர்கள் கிரிட் என்ற சிஎஸ்எஸ் கட்டத்தின் வரிசை உயரத்தை '0fr' இலிருந்து '1fr'க்கு ஓட்டிப் பாருங்கள், வேலை செய்யும்.

எந்த லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தக் கோட்டுத் தொகுப்பு) என்று என்னிடம் கேட்காத பிள்ளை இல்லை. கீறி விளையாட பி5, முப்பரிமாணத்துக்கு த்ரீ, வரிசை வரிசையாக அசைவு கோக்க ஜிசாப். ஜிசாப் 2025இலிருந்து முழுவதும் இலவசம். ஆனால் முதல் மாதம் ஒன்றும் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக நிற்கிறேன். நேரத்தைக் கையால் கழித்துப் பெருக்கிப் பார்க்காத பிள்ளை, லைப்ரரி பிழைக்கும் நாளில் எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்கும்.

என்னுடைய சித்திக்குத் தலைச்சுற்று வருத்தம். ஒருநாள் நான் பெருமையாகக் காட்டிய பக்கத்தை உருட்டினார். பின்னால் படம் ஒரு வேகத்திலும் முன்னால் எழுத்து இன்னொரு வேகத்திலும் போக, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தார். போன் செற்றிங்கில் அசைவைக் குறைக்கும் தெரிவு அன்றைக்கும் இருந்தது, 'பிரிஃபர்ஸ் ரிடியூஸ்ட் மோஷன்' என்று சிஎஸ்எஸ்ஸில் அதை விசாரிக்கவும் முடியும். விசாரிக்காதது நான். அதற்குப் பிறகு என் விறாந்தையில் அந்த விசாரிப்பு இல்லாத எந்த வேலையையும் முடிந்த வேலையாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தெரிவு போட்டிருந்தால் பறப்பதும் பாய்வதும் நிற்கட்டும், மெல்ல மங்கி மாறினால் போதும். பிள்ளைகள் முதலில் முணுமுணுப்பார்கள். சித்தி தேத்தண்ணி கொண்டுவரும்போது, "சித்தி, இதை ஒருக்கா உருட்டிப் பாருங்கோ" என்று இப்போது அவர்களாகவே கொடுக்கிறார்கள்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் பட்டத் தம்பி திரும்ப வந்தான். பட்டம் காற்றுக்குச் சாய்கிறது, வால் நெளிகிறது, இரண்டு போனிலும் ஒரே வேகம். ஆனால் முகத்தில் திருப்தி இல்லை.

"விண் கூவேல்லை அக்கா. விண் பூட்டாத கொக்கு என்ன கொக்கு?"

விண் என்பது பட்டத்தில் கட்டும் நாடா, காற்றில் கூவும். சத்தம் போடலாம் என்றேன். ஆனால் பார்க்கிறவர் திரையை ஒரு தடவை தொடும்வரை பிரவுசர் சத்தத்தை விடாது. அதனால் நூலை முதலில் பிடிக்கும் அந்தத் தொடுகையிலேயே சத்தத்தை எழுப்ப வேண்டும், பிறகு காற்றின் வேகத்தோடு சுருதியை ஏற்றி இறக்கலாம். கணினியில் பிறப்பித்த இரண்டு மூன்று சத்தம் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இது நுளம்பு மாதிரிக் கிடக்கு. பொறுங்கோ."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் இருட்டுப்பட முதல் வந்துவிட்டான், கையில் சிலாகையில் நாடா இழுத்துக் கட்டிய விண். முற்றத்து நடுவில் நின்று அதைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினான். நான் போனை ரெக்கோர்டில் போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றேன்.